முகூர்த்தத்துக்கு முன் 20 நிமிடம்: மணப்பெண் படம் எடுக்கப் பழகுகிறவர்களுக்கு

மணப்பெண்ணைத் தனியாக வைத்துப் படம் எடுக்க ஒரு மணி நேரம் தருவோம் என்று பேச்சின்போது சொல்வார்கள். கல்யாணத்தன்று கையில் கிடைப்பது 20 நிமிடம். பார்லர் அக்கா கடைசி ஹேர்பின்னைக் குத்தி முடிப்பதற்கும், 'பொண்ணைக் கூட்டிட்டு வாங்க' என்று மேடையிலிருந்து ஐயர் குரல் கொடுப்பதற்கும் நடுவில் உள்ள நேரம் அது. அதற்குள் தோல், பட்டு, தங்கம் மூன்றும் ஒரே படத்தில் சரியாக விழ வேண்டும். மூன்றும் கேட்கிற வெளிச்சம் வேறு வேறு. அதனால் இங்கே சொல்லியிருப்பதில் பெரும்பகுதி ஷட்டரை அழுத்துவதற்கு முன்பும் பின்பும் செய்கிற வேலை. கடலூர், புதுச்சேரி மண்டபங்களையும் கடற்கரையையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். அபெர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ மூன்றும் உங்களுக்குத் தெரியும், மேனுவல் மோடில் ஓரளவு கை பழகியிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம்.

1. முதல் கல்யாணத்தைத் தனியாக ஒப்புக்கொள்ளாதீர்கள்

தாலி கட்டுவதை இன்னொரு முறை கட்டச் சொல்ல முடியாது. முதல் நான்கைந்து கல்யாணங்களுக்கு அனுபவமுள்ள ஒருவருக்கு இரண்டாவது கேமராவாகப் போங்கள். லைட் பிடிக்கிற வேலை கிடைத்தாலும் போங்கள். வெளிச்சத்தை எங்கே வைத்தால் முகம் என்ன ஆகிறது என்று லைட் பிடிப்பவர்தான் முதலில் பார்க்கிறார்.

தனியாகப் பழக ஆடியும் மார்கழியும் நல்ல மாதங்கள். முகூர்த்தம் கிடையாது, பார்லர்களும் ஓய்வாக இருக்கும். புரட்டாசியிலும் பல வீடுகளில் கல்யாணம் வைப்பதில்லை. மேக்கப் கற்றுக்கொள்கிறவர்களுக்குத் தங்கள் வேலையைக் காட்டப் படம் வேண்டும், உங்களுக்கு அலங்காரம் செய்த முகம் வேண்டும். இரண்டு பக்கமும் காசு கைமாறாமல் ஒரு நாள் ஒதுக்கினால் பட்டுப்புடவை, வாடகை நகை, ஜடை அலங்காரம் எல்லாவற்றோடும் மூன்று நான்கு மணி நேரம் பழகலாம். சுடிதாரில் தங்கையை உட்காரவைத்துப் பழகினால் இது வராது. சரிகை மின்னுவதும் நெத்திச்சுட்டியின் நிழல் நெற்றியில் விழுவதும் அதில் தெரியாது.

2. காசு வாங்குவதற்கு முன் காகிதம்

ஒரே ஒரு பக்கம் போதும். ஆனால் அந்தப் பக்கம் இருந்தே ஆக வேண்டும். தேதி, மண்டபம், வரவேற்பு நேரம், முகூர்த்த நேரம், எத்தனை மணி நேர வேலை, திருத்தித் தரும் படங்களின் எண்ணிக்கை, ஆல்பத்தில் எத்தனை தாள், எத்தனை நாளில் தருவீர்கள், தேதி மாறினால் அல்லது கல்யாணம் நின்றால் முன்பணம் என்ன ஆகும் என்று எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்குங்கள். 'எல்லாப் படமும் வேணும்' என்ற பேச்சு கடைசியில் கட்டாயம் வரும். திருத்திய படம் 40, மற்றவை திருத்தாமல் என்று முதலிலேயே எழுதியிருந்தால் அந்த இடத்தில் சண்டை இல்லை.

பலருக்கும் தெரியாத ஒன்று. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் அவர்தான். எடுத்தவர் நீங்கள் என்றாலும் அந்தப் படத்தை உங்கள் இன்ஸ்டாகிராமில் போட உங்களுக்கு உரிமை இருக்காது. 'என் வேலையைக் காட்டுவதற்காக இந்தப் படங்களை வெளியிடச் சம்மதம்' என்று ஒரு வரி சேருங்கள். மணப்பெண்ணின் கையெழுத்தே வேண்டும், அப்பாவின் கையெழுத்து மட்டும் போதாது. சம்மதம் கிடைத்தாலும் தாலி ஏறுவதற்கு முன் எதையும் போடாதீர்கள். முகூர்த்தப் புடவை முன்கூட்டியே வெளியே தெரிந்தால் கண்பட்டுவிடும் என்று பாட்டிமார்கள் உங்கள்மேல்தான் பாய்வார்கள்.

தொழிலாக நடத்தப் போகிறீர்கள் என்றால் சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு செய்துகொள்ளுங்கள். அரசு இணையதளத்தில் ஆதார் எண்ணை வைத்து நீங்களே செய்யலாம், கட்டணம் எதுவும் இல்லை. அதற்குப் பணம் கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் அது இடைத்தரகர். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாது. அதைத் தாண்டினால் பொதுவாக 18 சதவீதம் சேர்த்துப் பில் போட வேண்டும்.

3. என்னென்ன வாங்க வேண்டும், எதை வாடகைக்கு எடுக்கலாம்

புதிதாக வருகிறவர்கள் காசு முழுவதையும் கேமராவில் போட்டுவிட்டு வெளிச்சத்துக்கு ஒன்றும் இல்லாமல் நிற்கிறார்கள். அதைத் திருப்பிப் போடுங்கள். பத்து வருடப் பழைய கேமராவும் ஒரு நல்ல ஃபிளாஷும் சேர்ந்தால், புது கேமராவும் மண்டபத்து ட்யூப்லைட்டும் சேர்வதைவிட நல்ல படம் தரும்.

50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் ஒன்று, புதிதாகச் சுமார் 10,000 ரூபாய். சிறிய சென்சாருள்ள கிராப் சென்சார் கேமராவில் அது 75 அல்லது 80 எம்எம் போல வேலை செய்யும். முகத்துக்கு நன்றாக இருக்கும். பெரிய சென்சாருள்ள ஃபுல் ஃபிரேம் என்றால் 85 எம்எம். மேனுவல் ஃபிளாஷ் ஒன்றும், அதைத் தள்ளி வைத்து அடிக்க உதவும் ட்ரிக்கரும் சேர்ந்து 6,000 முதல் 9,000 ரூபாய்க்குள் வரும். வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப்பெட்டியான சாஃப்ட்பாக்ஸ் 60 முதல் 90 செமீ அளவில் ஒன்று, ஒரு ஸ்டாண்ட், நிறத்தைச் சரிபார்க்கும் சாம்பல் அட்டையான கிரே கார்டு ஒன்று, இரண்டு மெமரி கார்டு, மூன்று பேட்டரி. பிறகு ஸ்டேஷனரி கடையில் ஒரு தெர்மாகோல் அட்டை. கிடைக்கிற வேலைக்கும் கொடுக்கிற காசுக்கும் இதைவிட லாபமான சாமான் இந்தத் தொழிலில் இல்லை. இரண்டாவது கேமராவை வாங்க வேண்டாம். அன்றைக்கு மட்டும் வாடகைக்கு எடுங்கள். ஆனால் முந்தைய நாளே கைக்கு வரவேண்டும். வாடகை கேமராவில் தேதி, நேரம், ஃபைல் வகை எல்லாம் யாரோ மாற்றி வைத்திருப்பார்கள். கேமரா திருத்தாத மூலப்பதிவான ரா ஃபைலில் எடுக்கிறதா, இரண்டு கேமராவிலும் நேரம் ஒன்றாக இருக்கிறதா என்று அன்றே பாருங்கள்.

கடலோர ஊரில் லென்ஸுக்குப் பூஞ்சை ஒரு நிரந்தர எதிரி. துணிப்பையில் போட்டு பீரோவில் வைக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு, சிறிய ஈரப்பத மானி ஒன்றையும் வைத்து, 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருங்கள்.

4. மண்டபத்தை முந்தைய நாளே பாருங்கள்

மணப்பெண் அறை என்பது பெரும்பாலும் பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதில் இரண்டு கட்டில், ஒரு கண்ணாடி, ஆறு பெட்டி, எட்டுப் பேர். சுவர் பச்சையோ ரோஸோ இருக்கும். வரவேற்பு தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போய் நான்கு விஷயம் பாருங்கள்.

மேற்கூரை வெள்ளையா, எவ்வளவு உயரம்? வெள்ளையாகவும் பத்தடிக்குள்ளும் இருந்தால் ஃபிளாஷை மேலே திருப்பி அடிக்கலாம். வண்ணக் கூரை என்றால் அந்த வண்ணம்தான் முகத்துக்கு வரும், சாஃப்ட்பாக்ஸைத் தவிர வழியில்லை.

வெற்றுச் சுவர் எங்கே? ஆறடி அகலம் கிடைத்தால் போதும். கிடைக்கவில்லை என்றால் வராந்தா, மாடிப்படித் திருப்பம், சாப்பாட்டுக் கூடத்தின் பின்சுவர் என்று தேடுங்கள். எதுவுமே இல்லாவிட்டால் அடர் நிறப் போர்வை ஒன்றை இரண்டு ஸ்டாண்டில் கட்டுவதற்குக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

விளக்குகள் எந்த நிறம்? மஞ்சள் பல்பும் வெள்ளை ட்யூப்பும் கண்ணாடியைச் சுற்றிய எல்இடியும் சேர்ந்து எரியும் அறையில் ஒரு கன்னம் மஞ்சள், மறு கன்னம் பச்சை. எந்த மென்பொருளாலும் அதை நேர்த்தியாகச் சரிசெய்ய முடியாது. எந்தெந்த சுவிட்ச்சை அணைத்தால் என்ன அணைகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, ப்ளக் பாயின்ட். பார்லர்காரர்களின் ஸ்ட்ரெய்ட்னருக்கும் உங்கள் சார்ஜருக்கும் ஒரே இடம்தான் இருக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் உங்களுடையதாக இருக்கட்டும்.

5. நேரக்கணக்கு, கூடவே புடவைக் கணக்கு

முகூர்த்தம் 6 முதல் 7.30 என்றால் பின்னாலிருந்து எண்ணுங்கள். பெண்ணை மேடைக்கு ஐந்தே முக்காலுக்கு அழைப்பார்கள். உங்கள் படம் 5.15க்குத் தொடங்க வேண்டும். அலங்காரத்துக்கு இரண்டு மணி நேரம் என்றால் பார்லர் 3 மணிக்கு வந்தாக வேண்டும், பெண் 2.30க்கு எழுந்தாக வேண்டும். பார்லர் அக்காவின் எண்ணை முன்னதாகவே வாங்கி, 'அக்கா, 5.10க்கு முடிச்சிக் குடுத்துடுவீங்களா?' என்று நீங்களே கேளுங்கள். வீட்டார் வழியாகச் சொல்லி அனுப்பினால் அது போய்ச் சேராது.

பெரிய பொறி புடவையில் இருக்கிறது. பல வீடுகளில் பெண் முதலில் ஒரு பட்டில் மேடைக்கு வந்து உட்காருவாள். மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கும் கூறைப் புடவையை வாங்கிக்கொண்டு போய் உடுத்தி வந்த பிறகுதான் தாலி. அந்த வீடுகளில் முகூர்த்தப் புடவையில் தாலிக்கு முன் தனிப்படம் என்பதே நடக்காது. உடை மாற்றும் பத்து நிமிடத்தில் நீங்கள் குறுக்கே நின்றால் திட்டுத்தான் விழும். எந்தப் புடவையில் தனிப்படம் வேண்டும், அது எப்போது உடம்பில் இருக்கும் என்று பெண்ணின் அம்மாவிடம் கேட்டுக் காகிதத்தில் எழுதிவிடுங்கள். கூறைப் புடவையில்தான் வேண்டும் என்றால், சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது அரை மணி நேரம் என்று பேசிக்கொள்ளுங்கள். அப்போது கழுத்தில் தாலியும் காலில் மெட்டியும் இருக்கும், அழுது சிவந்த கண்ணும் இருக்கலாம். அதையும் சொல்லிவிடுங்கள்.

6. அறைக்குள் வெளிச்சம்

விடியற்காலை ஐந்து மணிக்கு ஜன்னல் வெளிச்சம் கிடையாது. முடிந்தால் அறை விளக்குகளை அணைத்துவிட்டு உங்கள் ஃபிளாஷ் ஒன்றை மட்டும் நம்புங்கள். தொடங்குவதற்கான அளவு இது: ஷட்டர் 1/160, எஃப் 4, ஐஎஸ்ஓ 400, வெண்சமநிலை (ஒயிட் பேலன்ஸ்) 5500 கெல்வின், ஃபிளாஷ் அதன் முழுச் சக்தியில் 1/8. சாஃப்ட்பாக்ஸ் முகத்திலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில், மூக்குக்கு 45 பாகை பக்கவாட்டில், கண் மட்டத்துக்குச் சற்று மேலே. இதிலிருந்து ஃபிளாஷ் அளவை மட்டும் கூட்டிக் குறையுங்கள். கூடவே மற்றவர்கள் தயாராகிக்கொண்டிருப்பதால் மஞ்சள் விளக்கை அணைக்க முடியவில்லை என்றால், ஃபிளாஷ் முன்னால் ஒளி புகும் ஆரஞ்சு ஜெல் தாளை ஒட்டி, கெல்வினை 3200க்கு இறக்குங்கள்.

ஃபிளாஷ் இல்லாமல் எல்இடியில் எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவு விலை எல்இடியும் பழைய ட்யூப்லைட்டும் விநாடிக்கு 100 முறை மங்கித் தெளியும். ஷட்டரை 1/250, 1/500 என்று வைத்தால் படத்தில் இருட்டுப் பட்டைகள் விழும். 1/100 வையுங்கள்.

இப்போது தோல், பட்டு, தங்கம் என்ற அந்த மூன்றைப் பற்றி. தோலுக்குப் பெரிய, மென்மையான வெளிச்சம் வேண்டும், அதற்கு சாஃப்ட்பாக்ஸ். பட்டுக்குப் பக்கவாட்டு வெளிச்சம் வேண்டும். கேமராவிலிருந்தே நேராக ஃபிளாஷ் அடித்தால் சரிகை செத்துவிடும், புடவை பிளாஸ்டிக் போலத் தெரியும். தங்கம் ஒரு கண்ணாடி. அதற்கு எதிரே என்ன இருக்கிறதோ அதைத்தான் காட்டும். எதிரே இருட்டு அறை இருந்தால் காசுமாலை கறுத்துப்போகும். பெண்ணின் மடிக்குச் சற்று முன்னால், படத்துக்குள் வராதபடி, தெர்மாகோலைச் சாய்த்துப் பிடித்தால் ஒட்டியாணம் முதல் ஜிமிக்கி வரை தங்கம் தங்கமாக எழுந்து வரும். தாடைக்குக் கீழே உள்ள நிழலும் அதிலேயே கரையும். கல் பதித்த நகை மின்ன மட்டும் ஒரு சின்ன, கூர்மையான வெளிச்சம் வேண்டும். பின்பக்கம் தோளுக்கு மேலே ஒரு சிறிய எல்இடியை யாராவது பிடித்தால் போதும், கூந்தலும் சுவரிலிருந்து பிரிந்து நிற்கும். தங்க நிற ரிஃப்ளெக்டரைப் பையிலேயே விட்டுவிடுங்கள். மஞ்சளும் மேக்கப்பும் பூசிய முகத்தில் அது காமாலை போலத் தெரியும்.

வெளிச்சம் அதிக உயரத்தில் இருந்தால் நெத்திச்சுட்டியின் நிழல் நெற்றியிலும், புல்லாக்கின் நிழல் உதட்டிலும் விழும். மூக்கின் நிழல் மேலுதட்டைத் தொடாத உயரமே சரியான உயரம். மூக்குத்தி எந்தப் பக்கம் என்று பார்த்து, அந்தப் பக்கம் இருட்டில் போகாதபடி லைட்டை வையுங்கள்.

சிவப்புப் பட்டு இன்னொரு பொறி. திரையில் எல்லாம் சரியாகத் தெரியும், வெளிச்சத்தின் அளவைக் காட்டும் சாதாரண ஹிஸ்டோகிராம் வரைபடமும் சரி என்று சொல்லும். ஆனால் சிவப்பு மட்டும் தனியாக வெடித்திருக்கும், புடவையில் நெசவு தெரியாமல் ஒரே சிவப்புப் பட்டையாக வரும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமைத் திறந்து சிவப்பு வலது ஓரத்தில் முட்டுகிறதா என்று பாருங்கள். முட்டினால் மூன்றில் ஒரு ஸ்டாப் முதல் மூன்றில் இரண்டு வரை குறையுங்கள்.

பார்லர் அக்கா கிளம்புவதற்கு முன் ஃபிளாஷோடு ஒரு சோதனைப் படம் எடுத்து அவரிடமே காட்டுங்கள். சில பவுடர்கள் நேரில் தெரியாமல் ஃபிளாஷில் மட்டும் சாம்பல் வெள்ளையாகத் துள்ளும், அதுவும் கண்ணுக்குக் கீழே. அவர் ஒரு நிமிடத்தில் துடைத்துச் சரிசெய்வார். நீங்கள் கம்ப்யூட்டரில் செய்தால் ஒரு படத்துக்கு அரை மணி நேரம்.

7. ஃபோகஸ்: எஃப் 1.8 மோகத்தை விடுங்கள்

ஃபுல் ஃபிரேம் கேமராவில் 85 எம்எம் லென்ஸை எஃப் 1.8இல் வைத்து ஒன்றரை மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால் கூர்மையாக வரும் ஆழம் சுமார் மூன்றரை செமீ. கண் தெளிவாக இருக்கும், மாட்டலும் ஜிமிக்கியும் குழம்பிவிடும். லட்சக்கணக்கில் நகை போட்டவர்கள் அதைப் பார்க்கத்தான் ஆல்பம் கேட்கிறார்கள். எஃப் 4இல் அந்த ஆழம் ஏழரை செமீ, எஃப் 5.6இல் பத்துக்கு மேல். கிராப் கேமராவில் 50 எம்எம் என்றால் எஃப் 2.8இலேயே பத்து செமீ கிடைக்கும். பின்னணி மங்க வேண்டும் என்றால் அபெர்ச்சரைத் திறக்காதீர்கள், பெண்ணைச் சுவரிலிருந்து ஐந்தடி முன்னால் நகர்த்துங்கள். ஃபோகஸ் எப்போதும் கேமராவுக்குப் பக்கத்தில் உள்ள கண்ணில். நடுப்புள்ளியை வைத்துவிட்டுக் கேமராவைத் திருப்பாதீர்கள், அந்தப் புள்ளியையே கண்ணுக்கு நகர்த்துங்கள்.

8. அந்த 20 நிமிடம்

பெண் உட்கார, கைப்பிடியும் சாய்மானமும் இல்லாத முக்காலி ஒன்று தேவை. மண்டபத்து சோபாவில் உட்காரவைத்தால் ஜடை நசுங்கும், கொசுவம் மடங்கும். மாலை போடுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். மாலை வந்தால் நகை மறைந்துவிடும்.

முதல் 2 நிமிடம் சரிபார்ப்புக்கு. ஒரு படம் எடுத்துத் திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். வெளியே தெரியும் சேஃப்டி பின், ரவிக்கைக்குள் மறைய வேண்டிய பட்டை, புடவையில் ஒட்டிய விலைச்சீட்டு, மணிக்கட்டில் ரப்பர் பேண்ட், பின்னால் தண்ணீர் பாட்டில், எவருடையதோ செல்போன் சார்ஜர். அடுத்த 3 நிமிடம் ஜடை. மல்லிகை முதலில் வாடும், ராக்கொடியும் ஜடைநாகமும் முதலில் சரியும். அதனால் பின்பக்கம் முதலில். பிறகு 4 நிமிடம் நின்றபடி முழு உருவம், 5 நிமிடம் உட்கார்ந்து பாதி உருவம், 3 நிமிடம் முகம் மட்டும், 3 நிமிடம் அம்மா, அப்பா, பாட்டியோடு. கை, மருதாணி, வங்கி என்ற தோள்வளை, வளையல் எல்லாம் நடுநடுவே. நேரம் குறைந்தால் கைப்படங்களை விடுங்கள், பாட்டியை விடாதீர்கள்.

நிற்கும்போது உடம்பைக் கேமராவுக்கு நேராக வைக்காமல் சற்றுத் திருப்பச் சொல்லி, எடையைப் பின்காலில் போடச் சொல்லுங்கள். தாடையை முன்னால் ஓர் அங்குலம் நீட்டி, பிறகு லேசாக இறக்கச் சொன்னால் கழுத்து மடிப்பு போகும். புறங்கையை விரித்துக் காட்டினால் கை முகத்தைவிடப் பெரிதாகத் தெரியும். விரல்களின் ஓரம் கேமராவைப் பார்க்கட்டும். 'சிரிங்க' என்று சொல்லாதீர்கள். தோழியைக் கேமராவுக்குப் பின்னால் நிற்கவைத்துப் பேசச் சொல்லுங்கள்.

புடவை மடிப்பையோ நகையையோ நீங்கள் தொட்டுச் சரிசெய்ய வேண்டாம். பார்லர் அக்காவோ சித்தியோ செய்யட்டும். ஆண்கள் என்றால் கதவைத் தட்டி, அறையில் வீட்டுப் பெண் ஒருவர் இருக்கும்போது மட்டும் உள்ளே போங்கள். கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பது கூடத் தப்பாகத் தெரியும்.

9. வெளியே எடுப்பது: புதுச்சேரியும் கடலூரும்

கடலில் சூரியன் இறங்குகிற மாதிரி வேண்டும் என்று கோவா படம் ஒன்றைக் காட்டுவார்கள். நம் கடல் கிழக்கில். சூரியன் அதிலிருந்து ஏறுமே தவிர அதில் இறங்காது. ஜனவரி கடைசியில் சூரிய உதயம் 6.30 வாக்கில், ஜூன் தொடக்கத்தில் 5.45 வாக்கில். உதயத்தின்போது கடலைப் பின்னணியாக வைத்தால் முகம் இருட்டில் இருக்கும், ஃபிளாஷ் கட்டாயம். மாலையில் கதை வேறு. சூரியன் ஊருக்குப் பின்னால் மறைந்ததும் மேற்கு வானத்தின் மென்மையான வெளிச்சம் பெண்ணின் முகத்தில் விழும், பின்னால் கடல் நீலமாக இருக்கும். ஒரு லைட்டும் இல்லாமல் எடுக்கலாம். நவம்பரில் 5.40க்கே சூரியன் மறைந்துவிடும், ஜூலையில் 6.35 வரை இருக்கும். மறைந்த பிறகு உங்களுக்கு 15 நிமிடம்தான்.

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலையில் கூட்டம் தாங்காது. காலையில் போங்கள். கடலூர் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் மணல் அகலமாக இருப்பதால் கூட்டத்தை விட்டு நகர்ந்துகொள்ளலாம், ஆனால் பிற்பகலில் கடற்காற்று முந்தானையைப் பறிக்கும். விடியலில் காற்று அடங்கியிருக்கும். காற்றில் சாஃப்ட்பாக்ஸ் பாய்மரம் மாதிரி. ஸ்டாண்டை நம்பாமல் ஆளை நிறுத்துங்கள். பாரடைஸ் கடற்கரைக்குச் சுண்ணாம்பாற்றிலிருந்து படகில் போகும் திட்டமா? விடியற்காலைப் படகு இல்லை, உதயப் படத்துக்கு அது ஆகாது.

புதுச்சேரியின் பிரெஞ்சுப் பகுதியான வெள்ளை நகரத்து மஞ்சள் சுவர்களுக்குச் சிவப்பு, மயில்கழுத்து, கரும்பச்சைப் புடவைகள் எடுப்பாக இருக்கும். மாம்பழ மஞ்சள் புடவை சுவரோடு கரைந்துவிடும். சுவரை ஒட்டி நிறுத்தினால் தாடையில் மஞ்சள் எதிரொளி ஏறும், ஐந்தடி தள்ளி நிறுத்துங்கள். கேட்டுக்கொள்ளாமல் யாருடைய வீட்டு வாசற்படியிலும் ஏறவேண்டாம்.

எங்கள் கணிப்பில் பட்டுப்புடவைக்கு அந்தத் தெருக்களைவிட வைசியாள் வீதிப் பக்கத்துத் தமிழ் வீடுகளின் திண்ணையும் முற்றமும் மேல். முற்றத்துக்கு மேலே திறந்த வானம். தாழ்வாரத்தின் விளிம்பில் பெண்ணை முற்றத்தைப் பார்த்து உட்காரவைத்தால், பெரிய ஸ்டூடியோ லைட் செய்கிற வேலையை அந்த வானம் செய்யும். ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்களில் மழை குறுக்கிடலாம் என்பதால், கூரையுள்ள இடம் ஒன்றை முன்பே பேசி வைத்திருக்கத்தான் வேண்டும்.

கடலூருக்குப் பக்கத்துத் திருவந்திபுரம் கோயிலில் முகூர்த்த நாளில் ஒரே காலையில் பல ஜோடிகளுக்குத் தாலி ஏறும். அங்கே அன்றைக்குத் தனிப்படம் என்று யோசிக்காதீர்கள். தங்கியிருக்கும் இடத்திலேயே எடுத்துவிட்டுக் கிளம்புங்கள். கோயில்களுக்குள் கேமராவுக்கு அலுவலகத்தில் கேட்டு, அனுமதி தந்தால் மட்டும்.

ஏசி அறையிலிருந்து நேராக வெளியே வந்தால் லென்ஸில் ஆவி படியும். பையை மூடியபடியே 20 நிமிடம் முன்னதாக வெளியே வையுங்கள். கடற்கரையிலிருந்து வந்ததும் உப்புப் படலத்தை லேசாக ஈரமான துணியால் துடையுங்கள். நிலத்தில் போட்ட பையில் மணல் ஏறினால், அடுத்த கல்யாணத்தில் ஜூம் வளையம் கரகரக்கும்.

10. வீட்டுக்கு வந்ததும்

தூங்குவதற்கு முன் கார்டிலிருந்து இரண்டு ஹார்டு டிஸ்கில் ஏற்றுங்கள். ஒன்று உங்களிடம், மற்றொன்று வேறு வீட்டில். ஆல்பம் கைமாறும்வரை கார்டை ஃபார்மேட் செய்யாமல் இருக்க முடிந்தால் நல்லது. குறைந்தது இரண்டு பிரதியும் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே ஃபார்மேட்.

11. திருத்தம்

படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமுக்கு மாதச் சந்தா கட்ட முடியாவிட்டால் டார்க்டேபிளும் கிம்ப்பும் இலவசம். பழக நாளாகும், ஆனால் வேலை நடக்கும்.

முதல் சுற்றில் தேர்வு மட்டும். கண் மூடியவை, ஃபோகஸ் தவறியவை வெளியே. அடுத்து, கிரே கார்டு படத்தில் வெண்சமநிலையை எடுத்து, அதே வெளிச்சத்தில் எடுத்த எல்லாப் படத்துக்கும் ஒட்டுங்கள். அதற்குப் பிறகு நிறங்களைத் தொடும்போது உங்களுக்கு நீதிபதி ஒருவர்தான்: கடையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து அந்தப் புடவையைத் தேர்ந்தெடுத்த பெண்மணி. இணையத்தில் வாங்கிய ப்ரீசெட்டை, அதாவது யாரோ தயாராக வைத்த நிற அமைப்பை, அப்படியே போட்டால் கிளிப்பச்சை நீலப்பச்சையாகும், அரக்கு பழுப்பாகும். 'இது என் புடவை கலரே இல்லையே' என்ற ஒரு வார்த்தையில் ஆல்பம் முழுவதும் திரும்பி வரும். புடவையைப் பகல் வெளிச்சத்தில் கிரே கார்டோடு ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. சிவப்பு அதிகம் கொதித்தால் சிவப்பின் செறிவை 10 முதல் 15 வரை குறையுங்கள். அதே சிவப்பில் உதடும் பொட்டும் இருப்பதால் புடவைக்கு மட்டும் மாஸ்க் போட்டுக் குறைப்பது மேல்.

முகம் ஒரு நிறம், கழுத்தும் கையும் வேறு நிறம் என்று மேக்கப் வந்திருந்தால் முகத்தை வெளுக்காதீர்கள், முகத்தைக் கால் ஸ்டாப் இறக்குங்கள். 'கொஞ்சம் கலரா ஆக்கிக் குடுங்க தம்பி' என்று கேட்பார்கள். அந்தப் பெண்ணின் நிறத்தை மாற்றித் தரும் வேலைக்கு நீங்கள் வரவில்லை. தோலின் உண்மையான நிறத்தில், நல்ல வெளிச்சத்தில் எடுத்த ஒரு படத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பெரும்பாலும் அந்தப் பேச்சு அதோடு நிற்கும்.

பரு, நகக்கீறல், மஞ்சள் கறை போன்ற வந்துபோகிறவற்றை நீக்குங்கள். மச்சம், பழைய தழும்பு, கன்னக்குழி இருக்கட்டும். ஒரே அழுத்தில் தோலை மழமழவென்று ஆக்கும் தானியங்கிக் கருவிகள் மூக்குத்தியைப் பரு என்று நினைத்து அழித்துவிடும், திருநீற்றையும் துடைத்துவிடும். கையால் செய்யுங்கள். ஃபோட்டோஷாப்பில் தனி லேயரில் ஹீலிங், பிறகு ஐம்பது சதவீதச் சாம்பல் லேயரில் சாஃப்ட் லைட் வைத்து, பிரஷ் ஃப்ளோவை 2 சதவீதத்துக்கு இறக்கி, திட்டுத்திட்டான நிழல்களை மட்டும் ஏற்றி இறக்குங்கள். நிறத்தையும் தோலின் நுண்வரிகளையும் தனித்தனி லேயராகப் பிரிக்கும் ஃப்ரீக்வென்சி செபரேஷன் கற்றவர்கள், 24 மெகாபிக்சல் பாதி உருவப் படத்தில் மங்கலை 6 முதல் 10 பிக்சலுக்குள் வையுங்கள், அதற்கு மேல் போனால் மெழுகுப் பொம்மை. இடுப்பைக் குறைக்க, உருவத்தை இழுத்து நசுக்கும் லிக்விஃபை கருவியைப் போட்டால் சரிகைக் கரை கோணும், ஒட்டியாணம் வளையும். யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள்.

ஷார்ப்பனிங்கை கண், நகை, சரிகைக்கு மட்டும் கொடுங்கள். லைட்ரூமில் மாஸ்கிங்கை 70 வாக்கில் வைத்தால் தோல் தப்பிக்கும். ஒரு படத்துக்கு 20 நிமிடத்தைத் தாண்டுகிறது என்றால், தவறு எடுக்கும்போது நடந்திருக்கிறது.

12. கொடுப்பதும் வாங்குவதும்

செல்போனில் பார்க்க எஸ்ஆர்ஜிபி வண்ண வகை, நீளப் பக்கம் 3000 பிக்சல், ஜேபெக் தரம் 85. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் நசுங்கிவிடும். டாகுமெண்டாக அனுப்புங்கள் அல்லது டிரைவ் இணைப்பு கொடுங்கள். ஆல்பம் வழக்கமாக, இரண்டு பக்கமும் சேர்த்து, 12க்கு 36 அங்குல விரிப்பு. அங்குலத்துக்கு 300 பிக்சல் (பிபிஐ) என்றால் அது 3600க்கு 10800 பிக்சல். நடுமடிப்பில் முகம் வரக்கூடாது, ஓரத்தில் அரை அங்குலத்துக்குள் நகையோ விரலோ இருக்கக்கூடாது, வெட்டும்போது போய்விடும். உங்கள் மானிட்டர் பிரகாசம் முழுவதும் ஏற்றி இருந்தால் அச்சு கறுத்து வரும். முழு ஆல்பத்தையும் அனுப்புவதற்கு முன், ஒரு சிவப்புப் புடவைப் படத்தையும் ஒரு முகப் படத்தையும் ஆல்பம் அச்சிடும் அதே லேபில் சின்ன அளவில் அச்சிட்டுப் பாருங்கள்.

கூலியைக் கணக்கிடும்போது எடுக்கிற நேரத்தை மட்டும் எண்ணாதீர்கள். எடுக்க 3 மணி நேரம், போய்வர 2, தேர்வுக்கு 2, 25 படம் திருத்த 8. ஆக 15 மணி நேரம். அதோடு வாடகை, பெட்ரோல், உதவியாளர், லேப் செலவு. உறவுக்காரர் என்று விலையைக் குறைத்தாலும் லேப் செலவை முன்பணத்திலேயே வாங்கிவிடுங்கள். பதிவின்போது 40 சதவீதம், கல்யாணத்தன்று காலை 40, ஆல்பம் கொடுக்கும்போது 20 என்று பிரித்தால் கடைசித் தொகை இழுத்தடித்தாலும் தாங்கும். கல்யாணம் முடிந்த மறுநாள் யாரிடமும் காசு இருக்காது. ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுத்துத் தர அவர்களுக்கும் ஒரு கெடு எழுதுங்கள், 30 நாள் போதும். இல்லையென்றால் சீமந்தத்துக்குக் கூப்பிடும்போதுதான் தேர்வுப் பட்டியல் கைக்கு வரும். ஃபைல்களை எத்தனை மாதம் வைத்திருப்பீர்கள் என்பதும் அந்த ஒரு பக்கக் காகிதத்தில் இருக்கட்டும். ஒரு வருடம் என்று எழுதினாலும் இரண்டு வருடம் வைத்திருங்கள்.